டக்கோட்டாவின் நிழல்

காடையேந்தல்காரர்கள் வெயிலைக் குறை சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அந்த ஊர் பிழைப்பதே வெயிலால்தான். மாசியில் மிளகாய் பழுக்கத் தொடங்கி வைகாசியில் கடைசி மூட்டை வண்டியேறும்வரை சுற்றுவட்டாரத்து வெயில் மொத்தமும் தங்கள் ஊரில் வந்துதான் இறங்குகிறது என்று சொல்லிக்கொள்வார்கள், அதில் பாதி பெருமை, பாதி புலம்பல். ஊருக்கு மேற்கே, யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறங்குவதற்காகப் போட்ட தளம் ஒன்று தெற்கு வடக்காக ஒரு மைல் நீளத்துக்கு வெளேரென்று கிடக்கிறது. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், தளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக அவனுக்கும் வழியில்லை. ஊர் அதைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கல் நட்டுப் பங்கு போட்டு, பிளேன் களம் என்று பெயரும் வைத்து, மிளகாய் காயப்போட்டது.

பிளேன் களத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒருவர் மிளகாய்மேல் அடுத்தவர் நிழல் விழக்கூடாது. தன் நிழல் தன் மிளகாய்மேல் எவ்வளவு நேரம் விழுந்தாலும் கேட்பாரில்லை, அடுத்தவர் நிழல் இம்மி விழுந்தாலும் அன்றைக்குச் சண்டை. அதனால் மிளகாய்ப் பருவத்தில் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறவர், ஊர்த்தலைவரான கோட்டைச்சாமி அம்பலமே ஆனாலும், ஓரத்துக் கருவேல முள்ளுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்த ஊரில்தான் கருப்பாயி பிறந்தாள். குலசாமி கருப்பனுக்கு நேர்ந்துகொண்டு, பிள்ளை பிறக்கும் முன்பே பெயரை முடிவு செய்து வைத்திருந்தார் அவள் அப்பா. பிறந்ததோ, தலைமுடியும் புருவமும் இமையும்கூடப் பாலாடை நிறத்தில் இருந்த பெண்பிள்ளை. பெயரை மாற்றச் சொன்னவர்களிடம் அவர், "சாமிக்குச் சொல்லியாச்சு. இனி மாத்துனா அவருக்குக் கொழப்பமாயிரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அண்ணன் சேதுராசு வீட்டில், அண்ணன் மனைவி மங்களேஸ்வரியின் வாய்க்கும் கைக்கும் கீழே அவள் முப்பத்தெட்டு வயதுக்கு வளர்ந்திருந்தாள். வாய் கொஞ்சம் கடுசு, கை நல்ல கை.

கருப்பாயிக்கு வெயில் ஆகாது. கொஞ்ச நேரம் பட்டாலே தோல் சிவந்து கொப்புளம் கட்டிவிடும். சிறுவயதில் குடை பிடித்து வெளியே போய்ப் பார்த்திருக்கிறாள். குடை மேலேயிருந்து வருவதைத்தான் தடுக்கும், வெள்ளைத் தளத்திலிருந்து எழும்பிக் கண்ணைக் குத்தும் வெயிலுக்கு எந்தக் குடையும் கிடையாது. ஆகவே விடிவதற்கு முந்திய ஊரும் பொழுது சாய்ந்ததற்குப் பிந்திய ஊரும்தான் அவளுக்குத் தெரிந்த ஊர். நடுப்பகலை அவள் காதால்தான் அறிந்திருந்தாள். களத்தில் பலகையால் மிளகாயைக் கிளறும் சத்தம், பெண்கள் ஒருத்தியை ஒருத்தி வைது சிரிக்கும் சத்தம், தூரத்தில் பஸ் ரோட்டில் ஏதோ வண்டி இறக்கத்தில் கியர் மாற்றும் சத்தம். வீட்டுக்குள் உட்கார்ந்து வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள், கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும்.

கண்ணும் அப்படித்தான். ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது துல்லியமாகத் தெரியும், அதற்கு அப்பால் எல்லாம் கலங்கிய தண்ணீர். எனவே பெரிய பொருள் எதையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை. கோபுரம் என்றால் அவளுக்கு ஒரு மங்கல், யானை என்றால் ஒரு வாசனை.

அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால், சிலோனிலிருந்து மதராசுக்குப் போன பயணிகள் விமானம் ஒன்று புயலுக்குத் தப்பிப் பிளேன் களத்தில் இறங்கியது. புயல் வேறு பக்கம் போய்விட, விமானம் இரண்டு நாள் சுள்ளென்ற வெயிலில் நின்றுவிட்டுப் போனது. அது டக்கோட்டா. லொடலொட வண்டிக்கெல்லாம் டக்கோட்டா என்று பெயர் வைத்துச் சிரிக்கிற நம் நாட்டில், காடையேந்தலில் மட்டும் அந்தப் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அது எப்படி இருந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பனை உயரம் என்பார் ஒருவர், இல்லை, மூக்குதான் பனை உயரம், வால் தரையோடு தரை என்பார் இன்னொருவர். எல்லோரும் ஒத்துக்கொண்டது ஒன்றைத்தான்: அந்த இரண்டு நாளும், மரம் மட்டை இல்லாத அந்தப் பொட்டலில், ஊர் மொத்தமும் அதன் நிழலில்தான் கிடந்தது. வலது இறக்கைக்குக் கீழே சோறு பொங்கினார்கள், இடது இறக்கைக்குக் கீழே தொட்டில் கட்டினார்கள், வால் நிழலில் நாலு ஆடு படுத்து அசைபோட்டது.

முழுசாகப் பார்க்க முடியாததைக் கைக்குள் அடங்கச் செய்து பார்த்துவிட்டால் என்ன என்று கருப்பாயிக்குத் தோன்றியது அதனால்தான். செல்போனை மூக்கில் முட்ட வைத்துக்கொண்டு டக்கோட்டாவின் வரைபடங்களைத் தேடினாள். பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், பக்கத்தில் யார், காலை நீட்டினால் வெயில் பட்டதா என்று கேட்டாள். படம் சொன்னதையும் நிழல் சொன்னதையும் ஒத்துப் பார்த்து, இடித்த இடத்தில் அவள் நிழலைத்தான் நம்பினாள். அடிக்கு அரை விரல்கடை என்று கணக்கு வைத்துக்கொண்டாள். அந்தக் கணக்குக்கு இறக்கை முனைக்கு முனை இரண்டு முழம் வந்தது.

எலும்புக்கூட்டைப் பனை ஈர்க்கில் கட்டினாள். மேல்தோலுக்கு அலுமினியத் தகடு வேண்டியிருந்தது. ஒயின்ஷாப் பின்னால் கிடக்கும் பீர் டின்களைச் சேதுராசு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தான், ஊர்க் குடிகாரர்களுக்கு அந்த வருடம்தான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. டின்னை வெட்டி நீவி, உட்புறத்திலிருந்து ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி ஆணித்தலை எழுப்பினாள். ஜன்னலுக்கு அண்ணனின் பழைய எக்ஸ்ரே படத்தைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டாள், நெஞ்செலும்பு கரைந்து கண்ணாடி மிஞ்சியது. செருப்பு ரப்பரில் சக்கரம், தீப்பெட்டி அட்டையில் இருக்கை, மூங்கில் சீவலில் மூன்று மூன்று இதழாகச் சுழலும் விசிறிகள். மிளகாய்க் காரம் ஏறிய விரல்களால் கண்ணைத் தொட்டுவிடாமல் அவள் செய்த வேலை அது.

மங்களேஸ்வரி போகிற வருகிறபோதெல்லாம் ஒரு பேச்சுப் பேசிவிட்டுப் போவாள். "ஏத்தா, வாசப்படி தாண்டாதவ வானத்துல போறதுக்கு வண்டி கட்டுறியாக்கும்?" என்பாள். ஆனால் விமானத்துக்கு வெள்ளிப் பெயிண்ட் தீர்ந்துபோன அன்று, பரமக்குடிக்கு ரேஷன் கார்டு வேலையாகப் போனவள் கேட்காமலே ஒரு டப்பா வாங்கி வந்தாள்.

பெயிண்ட் காய வேண்டும் என்று மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்ததும் மங்களேஸ்வரிதான். வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தவள் களத்தைப் பார்த்தாள். மாடியில் இரண்டு முழ விமானம் வடக்கே பார்த்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, களத்தில் தொண்ணூற்றைந்து அடி விமானத்தின் நிழல் கிடந்தது.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. முதலில் கண்டுகொண்டவை ஆடுகள். அவை வந்து படுத்த பிறகு ஆட்டைத் தேடி வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், அவர்களைத் தேடி வந்தவர்களும் உட்கார்ந்தார்கள், மதியம் நிழல் நகர்ந்து கருப்பாயி வீட்டு வாசலுக்கு வந்தபோது கூட்டமும் பாயைத் தூக்கிக்கொண்டு கூடவே நகர்ந்து வந்தது. இது எப்படி, சின்னப் பொருளுக்கு இவ்வளவு பெரிய நிழலா என்று ஒரு பேச்சு எழத்தான் செய்தது. "நெழல வச்சுத்தானய்யா அவ அளந்தா, பெறகு நெழலு வராம என்ன செய்யும்?" என்றாள் மங்களேஸ்வரி. அது நியாயமாகப் பட்டதால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்புறம் அவரவர் வசதியைப் பார்த்துக்கொண்டார்கள். முடிவெட்டுகிறவர் நாற்காலியை மூக்கு நிழலில் போட்டார். மினிபஸ்காரர் ஊருக்குள் வந்தால் இடது இறக்கைக்குக் கீழேதான் வண்டியை நிறுத்தினார். ஒரு கட்சி வலது இறக்கையில் கொடி நட்டதும் அடுத்த கட்சி இடது இறக்கையில் நட்டது, வாலை யாருக்கும் கொடுப்பதில்லை என்று பொதுவில் முடிவாயிற்று. கண்ணேறு படும் என்று மங்களேஸ்வரி ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலு மிளகாயையும் கோத்து விமானத்தின் மூக்கில் கட்டிவிட, எலுமிச்சையின் நிழலில் மட்டும் நாலு பேர் உட்கார்ந்து சீட்டாட முடிந்தது. காலை வெயில் சாய்வாக விழும் நேரம் ஜன்னல் வழியே ஒளி ஊடுருவி நிழலுக்குள் வரிசையாகச் சதுரம் சதுரமாக வெயில் விழும். பெண்கள் சதுரத்துக்கு ஒரு தட்டு வடகம் வைத்துவிட்டுத் தாங்கள் நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். வருவாய்த்துறையிலிருந்து ஒருவர் வந்து, அரசாங்க இடத்தில் நிழலை விழவைத்தது ஆக்கிரமிப்பில் சேருமா என்று யோசித்து, யோசித்தபடியே நிழலில் தூங்கிவிட்டுப் போனார்.

கருப்பாயி வெளியே வந்தது இந்தச் சந்தடி எல்லாம் ஓய்ந்த ஒரு நடுப்பகலில். வாசலுக்கு வெளியே ஒரு காலை வைத்தாள். சுடவில்லை. மேலேயும் குத்தவில்லை, கீழேயிருந்தும் குத்தவில்லை. இறக்கை முனைவரை போனாள், வால்வரை போனாள், குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்தாள், எதிர்வீட்டு நாயிடம் பேசினாள். பகல் என்றால் இவ்வளவு நிறம் இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை, அவர்களுக்கே தெரிந்திருக்காது. அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள், பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும்படி சந்தோஷமாக இருந்தாள்.

காலை நேரம் நிழல் களத்தில் விழும்போது களத்துக்கே போனாள். நிழல் முடியும் இடத்தில் நின்று, வடக்கே அந்த வெண்மை மங்கலைப் பார்த்து, "அந்தக் கோடி எப்படி மதினி இருக்கும்?" என்று கேட்பாள். "கோடி மாதிரி இருக்கும்" என்பாள் மங்களேஸ்வரி. ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் பார்த்த இடம் அது. பிறந்து முப்பத்தெட்டு வருடமாகக் களத்து ஓரத்திலேயே வாழ்கிறவள் அதன் அந்தக் கோடியைப் பார்த்ததில்லை. நிழலுக்குள் நின்ற பிறகுதான் அந்த ஆசை அவளுக்கு வலியாக மாறியது.

இப்படி இருக்கும்போதுதான் களத்தில் மூன்றாவது பங்குக்காரி சிட்டம்மாள் ஒரு கை மிளகாயைக் கொண்டுவந்து கருப்பாயியின் மடியில் போட்டாள். காலை வெயில் படாமல் பாதிக் காய்ச்சலில் வெளுத்துப்போன சண்டு வற்றல், வியாபாரி திரும்பிப் பார்க்க மாட்டான். சிட்டம்மாள் சத்தம் போடவில்லை. "நீ செஞ்சது அழகாத்தான் இருக்கு. என் புள்ளைக்குப் பீசு கட்ட நான் என்னத்தா செய்வேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். கருப்பாயி ஒவ்வொரு மிளகாயாகக் கண்ணுக்கு அருகே தூக்கிப் பார்த்தாள். எல்லாம் உண்மைதான்.

ஊர்க்கூட்டம் கூடியது. நிழலை என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கூடிய கூட்டம், வேறு எங்கும் உட்கார முடியாத வெயில் என்பதால், அந்த நிழலிலேயே உட்கார்ந்தது. கருப்பாயி தன் வாழ்நாளில் போன முதல் ஊர்க்கூட்டமும் அதுதான்.

கோட்டைச்சாமி அம்பலம் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். "களத்துச் சட்டம் எங்கய்யா போட்டது. அடுத்தவன் மொளகா மேல நம்ம நெழலு விழக்கூடாது. மனுசன் நெழலுன்னாலும் சரி, பிளேன் நெழலுன்னாலும் சரி. மொளகா முடியிறவரைக்கும் அத ஒரு பொட்டியில போட்டு மூடி வச்சுரு தாயி. ஐப்பசி அடமழையில எடுத்து வெளிய வச்சுக்க, ஒருத்தரும் கேக்க மாட்டோம்."

"மழையில வச்சா நெழலு எங்கிட்டு இருந்து வரும்?" என்றாள் மங்களேஸ்வரி.

"அதுக்கு நான் என்னத்தா செய்ய முடியும்?"

கருப்பாயி எழுந்து நின்றாள். "பெரியப்பா, ஒரு சந்தேகம். எங்கண்ணன் மூட்டைய நீங்க தூக்கித் தலையில வச்சுக்கிட்டு ஒங்க களத்துல நடந்தா, அந்த மூட்ட நெழலு யாரு நெழலு?"

"என் தலையில இருந்தா என் நெழலுதான்."

"சரக்கு எங்கண்ணன் சரக்கு."

"யாரு சரக்கா இருந்தா என்ன? சொமக்கிறவன் நெழலுதான். எங்கய்யா காலத்துலயே தீத்து வச்ச வழக்கு இது."

"அப்ப பிளேனச் சொமந்தா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கருப்பாயி விடவில்லை. "இந்தக் களத்தோட அந்தக் கோடிய நான் பாத்ததில்ல பெரியப்பா. ஒருக்கா, ஒரே ஒருக்கா, உச்சி வெயில்ல நடந்து போயிப் பாத்துர்றேன். அவுகவுக களத்துக்கு அவுகவுக சொமக்கட்டும். அவுக நெழலு அவுக மொளகா மேலதான் விழுகும். அதுக்கப்பறம் பொட்டியில வச்சு நானே பூட்டிர்றேன்."

அம்பலம் வெகுநேரம் தாடையைத் தடவினார். சட்டத்தில் ஓட்டை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. "சரி. ஆனா ஒண்ணு. நடுவுல ஒரு ஆளு மாட்டேன்னு சொன்னா அங்கனயே திரும்பிரணும். கட்டாயப்படுத்தக் கூடாது." பிறகு கொஞ்சம் தயங்கி, "பாதி வழியில நெழலு நகந்துருச்சுன்னா ஓடி ஒதுங்க ஒரு மரம் கெடையாது. யோசிச்சுக்க தாயி" என்றார்.

யோசிக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த நாளே உச்சிவேளைக்குப் புறப்பட்டார்கள், நிழல் காலடியிலேயே விழும் நேரம், சுமப்பவரும் நடப்பவரும் ஒன்றாகவே நிழலுக்குள் இருக்கலாம். மங்களேஸ்வரி பழஞ்சேலையைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, எலுமிச்சையைக் கழற்றிப் போட்டுவிட்டு, டக்கோட்டாவைத் தலையில் ஏற்றினாள். வாழ்நாளெல்லாம் மிளகாய் மூட்டை சுமந்த கழுத்து, அசையாமல் நின்றது. முதல் பங்கு அவர்களுடையது. எல்லைக்கல்லில் இரண்டாவது பங்குக்காரர் கைநீட்டி வாங்கிக்கொண்டார். சித்தாள்கள் சட்டி மாற்றுவதுபோலத் தலையிலிருந்து தலைக்கு மாறியது விமானம். ஊர் கொடுத்த அனுமதி கருப்பாயிக்கு மட்டும்தான், மங்களேஸ்வரி இனி அடுத்தவர் களத்தில் நடக்க முடியாது. அவள் முள்ளுக்குள் புகுந்து ஓரமாக ஓடி வந்தாள்.

மூன்றாவது கல்லில் சிட்டம்மாள் நின்றாள். சிட்டம்மாள் விமானத்தை மேலும் கீழும் பார்த்தாள். "என் மொளகாய வெளுக்க வச்ச சனியனே, வா" என்று சொல்லிச் சும்மாட்டைச் சரிசெய்து வாங்கி வைத்தாள்.

ஆனால் வாங்கிய வேகத்தில் நடந்தாள். தன் மிளகாய்மேல் அந்த நிழல் ஒரு நிமிடம்கூட அதிகம் நிற்கக்கூடாதே. அடுத்தவர் அவளைவிட வேகமாக நடந்தார், அதற்கடுத்தவர் அவரையும்விட; கல்லுக்குக் கல் நிழல் வேகம் கூடிக்கொண்டே போயிற்று, வடக்கே பார்த்த மூக்கோடு, எதிர்காற்றில் விசிறிகள் இரண்டும் கிறுகிறுவென்று சுழல, ஒவ்வொரு களத்திலும் நின்ற சனம் "வருது வருது" என்று கத்த, தொண்ணூற்றைந்து அடி நிழல் தளத்தின்மேல் பாய்ந்து போனது, அதன் நடுவில், சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, கருப்பாயி ஓடினாள். பகலில் அவள் ஓடியதே இல்லை. இரண்டு பக்கமும் சிவப்பு கரைந்து ஓடியது, காரநெடி முகத்தில் அடித்தது, மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. இப்படியே கால் தரையைவிட்டு எழும்பிவிடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

கடைசிக் கல்லில் எல்லாம் நின்றது. அது அம்பலத்தின் பங்கு. அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார், கூலியாள் வரவில்லை. அம்பலம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் ஒரு புதுமாப்பிள்ளைப் பையன் விமானத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தாண்டவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் வேர்த்துக்கொண்டிருந்தான். முள்ளோரத்திலிருந்து மங்களேஸ்வரி கத்தினாள், "ஆருமில்லைன்னா நீங்க வாங்குங்களேன்!"

"நான் தலையில எதையும் சொமந்ததில்லத்தா" என்றார் அம்பலம். அது உண்மை. அவர் தலையில் பட்டுக்கரைத் தலைப்பாகையைத் தவிர எதுவும் ஏறியதில்லை, அவர் அப்பா தலையிலும் ஏறியதில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. உச்சி தாண்டிவிட்டிருந்தது, நிழலின் விளிம்பு கருப்பாயியின் பக்கமாக மெல்ல நகர்ந்து, அவள் கால் பெருவிரலில் வெயில் பட்டது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். அழக்கூடாது என்று நினைத்தாள், ஆனாலும் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பரவால்ல பெரியப்பா. இம்புட்டுத் தூரம் வந்ததே போதும். கட்டாயம் கெடையாதுல்ல" என்றாள்.

அம்பலம் அவள் காலைப் பார்த்தார். பெருவிரல் அதற்குள் சிவந்திருந்தது. அவர் தலைப்பாகையை அவிழ்த்தார். வழுக்கைத் தலை வெயிலில் பளபளக்க, பட்டுக்கரையை உள்ளே மடித்துச் சுருட்டிச் சும்மாடாக வைத்து, குனிந்து, "ஏத்துடா" என்றார்.

பழக்கமில்லாத கழுத்து, இறக்கை இப்படியும் அப்படியும் ஆடியது. எல்லோரும் வேகமாக நடந்த களத்தில் அவர் மட்டும் மெதுவாக நடந்தார். முதலில், சுமக்கத் தெரியாததால்தான் என்று கருப்பாயி நினைத்தாள். நடுக்களத்தில், அவருடைய மிளகாய் மேலேயே, அவர் நின்றே விட்டார். "ஓடி வந்தியே, ஒண்ணும் பாத்துருக்க மாட்ட. நின்னு பாரு. இது என் மொளகா, என் நெழலு, எவன் கேப்பான்?" என்றார். கருப்பாயி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, நடுப்பகலில் காயும் மிளகாயைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிவப்பு. ஆசை தீரப் பார்த்தாள்.

பிறகு அந்தக் கோடி வந்தது. தளம் ஒரு விரிசலோடு முடிந்தது. அதற்கப்பால் கொஞ்சம் சரளை, கொஞ்சம் எருக்கு, மேடேறினால் பஸ் ரோடு. முள் கிழித்த சேலையோடு மங்களேஸ்வரி அங்கே முன்னமே வந்து நின்றுகொண்டிருந்தாள். கருப்பாயி தளத்தின் விளிம்பைக் காலால் தடவிப் பார்த்தாள். எருக்கம்பூவைப் பறித்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா மதினி?"

"நாந்தான் அன்னைக்கே சொன்னேனே."

அம்பலம் விமானத்தை இறக்கி மங்களேஸ்வரியின் தலைக்கு மாற்றினார். கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பெட்டி, பூட்டு என்று பேசியதை எல்லாம் யாராவது எடுப்பார்கள் என்று கருப்பாயி காத்திருந்தாள். அவர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே பஸ் ரோட்டைப் பார்த்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "களத்துக்குத்தான் சட்டம். ரோட்டுல ஒரு பயலும் மொளகா காயப்போடல."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"அந்த ரோடு எங்க மதினி போகுது?"

"கெழக்க. கடலுக்கு."

"நீங்க பாத்துருக்கீகளா?"

"கல்யாணமான புதுசுல ஒங்கண்ணன் கூட்டிட்டுப் போறேன்னாரு. கெளம்புற அன்னைக்கு மொளகா பழுத்துருச்சு" என்றாள் மங்களேஸ்வரி. அதன்பின் பத்தொன்பது வருடம் மிளகாய் பழுத்துக்கொண்டே இருந்தது. அவள் களத்தைத் திரும்பிப் பார்த்தாள். தங்கள் பங்கு தூரத்தில் ஒரு சிவப்புக் கோடாகக் கிடந்தது, கிளற வேண்டிய நேரம். சேதுராசு வீட்டில் சும்மாதான் இருந்தான். "அவரு கெளறட்டும்" என்றாள்.

மேடேறி ரோட்டுக்கு வந்தார்கள். சூரியன் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது, அவர்கள் போக வேண்டியதோ கிழக்கே. மங்களேஸ்வரி தலையிலிருந்த டக்கோட்டாவின் நிழல் அவளைவிட்டு நழுவி, முன்னால் தார்ரோட்டின்மேல் நீளமாகப் போய் விழுந்தது. மங்களேஸ்வரி முழு வெயிலில் நின்றாள். கருப்பாயி பழக்கத்தில் அவளுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள், எப்போதும் யாராவது முன்னால் போக அவர்கள் சேலை நிறத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே பழகியவள்.

"எங்கத்தா பின்னால வர்ற?" என்று அதட்டினாள் மங்களேஸ்வரி. "நெழலு முன்னாலதான விழுது. நீ முன்னால நட."

கருப்பாயி முன்னால் நடந்தாள்.